தள்ளி நின்றால் பாதை நிலைக்கும்
இரண்டு சூரியன்கள் இருந்தால் கோளின் பாதை நிலைக்காது என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. அது சரியல்ல. 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16பி கோளைப் பாருங்கள். அங்கே இரு விண்மீன்களும் சுமார் 3.3 கோடி கிலோமீட்டர் இடைவெளியில், 41 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சனிக்கோள் அளவுள்ள அந்தக் கோளோ அவற்றுக்கு வெளியே, 10 கோடி கிலோமீட்டருக்கு அப்பால், 229 நாளில் ஒரு சுற்றை முடிக்கிறது. கோள் மிக நெருங்கியிருந்தால் இரு விண்மீன்களின் ஈர்ப்பு இழுபறியில் தூக்கி எறியப்பட்டிருக்கும். கண்டுபிடித்த விதமோ இன்னும் அழகு! விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கும்போது ஒளி மங்குவது வழக்கம்தான். அந்தக் கணக்கில் அடங்காத மங்கல்கள், அதுவும் சீரற்ற இடைவெளியில் தெரிந்தன. அவை கோள் குறுக்கே வந்து ஒளியை மறைத்ததால் ஏற்பட்டவை; விண்மீன்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் கோள் குறுக்கே வரும் நேரமும் மாறுகிறது. கட்டுரை ஆசிரியர் இதை அவசியம் சேர்க்க வேண்டும்.