முப்பது ஆண்டுகள் பாடாமல் இருந்தவர்

வாஷ்டி பன்யனைப் பற்றி எழுதுகிற எல்லோரும் கடைசியில் "காலம் கடந்தாவது அங்கீகாரம் கிடைத்ததே" என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறார்கள். எனக்கு அந்த ஆறுதல் பிடிக்கவில்லை. மூன்று வாரமாக அவருடைய பாடல்களோடுதான் இருக்கிறேன். கேட்கக் கேட்க, அந்த வரியின் மீது கோபம்தான் கூடுகிறது.

பெயர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1945இல் பிறந்த ஆங்கிலேயப் பெண். அரசன் அழைத்தும் போக மறுத்தாளே, பைபிளில் வரும் வஸ்தி ராணி, அவளுடைய பெயர்தான் இவருக்கும். இருபது வயதில், ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம் இவரைப் பாட வைத்தார். 1965இல் வந்த அந்த முதல் இசைத்தட்டின் முன்பக்கத்தில் அந்தக் குழுவின் ஜாக்கரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு. இவர் எழுதியது பின்பக்கத்துக்குப் போனது. தட்டு விற்கவில்லை. அடுத்து வந்ததும் விற்கவில்லை.

1968இல், பாடகர் டோனவன் ஸ்கை தீவுப் பக்கம் நிலம் வாங்கிக் கலைஞர்களைக் குடியேற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டு, காதலரோடு அங்கே கிளம்பினார். ரயிலில் அல்ல. டோனவனிடமே கடன் வாங்கிய நூறு பவுண்டில் ஒரு குதிரையும் பழைய வண்டியும் வாங்கி, லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் வடமேற்கு ஓரம் வரைக்கும் வண்டியிலேயே போனார்கள். குதிரையின் பெயர் பெஸ். ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. போய்ச் சேர்ந்தபோது, முன்னால் வந்து குடியேறியவர்கள் கலைந்து போயிருந்தார்கள்.

வழியில் எழுதிய பாடல்கள்தாம் 'ஜஸ்ட் அனதர் டயமண்ட் டே' என்ற அவருடைய முதல் ஆல்பம். ஆங்கிலப் பாடகர் நிக் டிரேக்கின் தயாரிப்பாளரான ஜோ பாய்ட்தான் இதற்கும் தயாரிப்பாளர். 1969இன் கடைசியில் பதிவானது, ஓராண்டு கழித்து 1970 டிசம்பரில் வெளிவந்தது. சில நூறு பிரதிகள் விற்றிருந்தால் அதிகம்.

அதில் 'ஜாக் அலாங் பெஸ்' என்று ஒரு பாட்டு. குதிரையிடம் பேசும் பாட்டு. மாட்டிடம் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொனி உடனே பிடிபடும்: அதட்டல் கிடையாது, அவசரம் கிடையாது, இன்னும் கொஞ்ச தூரம்தான் என்கிற தாஜா மட்டும். குளம்படியின் நடையிலேயே பாட்டும் போகிறது. குரலை எங்கேயும் உயர்த்துவதில்லை. நடுக்கமோ குழைவோ சேர்த்து அழகு காட்டுவதும் இல்லை. பக்கத்தில் தூங்குகிறவர் விழித்துவிடக் கூடாதே என்று பாடுவதுபோல் இருக்கும். இந்தக் குரலைப் பலவீனம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இரைச்சலே பெருமை என்றிருந்த காலத்தில் இவ்வளவு தணிந்து பாடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்று. அவரை 'நாட்டார் பாடகி' என்று முத்திரை குத்துவது அவருக்கே பிடிக்காது. பாப் பாடகியாகத்தான் தன்னை நினைத்திருந்தார். நாட்டார் இசையை ராக்கோடு கலந்த ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவினரின் பிடிலும் மாண்டலினும் சேர்ந்ததால் தட்டுக்கு அந்தச் சாயல் வந்துவிட்டது. அந்தப் பாடல்கள் பயணத்தின் கனவைச் சொல்கின்றனவே தவிர நிஜத்தை அல்ல என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நிஜத்தில் மழையும் குளிரும் கையில் காசில்லாமையும் இருந்தன. இதைத் தெரிந்துகொண்டு கேட்டபோது பாட்டின் இனிமை எனக்குக் குறையவில்லை. மழையில் நனைந்தபடி ஒரு பெண் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று நினைத்தால் இன்னும் நெருக்கமாகிறது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். தட்டு விற்காததைத் தன் குரலுக்குக் கிடைத்த தீர்ப்பாக அவர் எடுத்துக்கொண்டார். கிதாரை ஒதுக்கினார். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் விலங்குகளையும் பிள்ளைகளையும் வளர்த்தார். அந்தப் பிள்ளைகளுக்குக்கூடப் பாடவில்லை. இந்தக் குரல் இருந்த வீட்டில் தாலாட்டு இல்லை! 1997இல் கணினி வாங்கி, இணையத்தில் தன் பெயரைத் தேடிப் பார்த்தபோதுதான், யாரோ சிலர் அந்தத் தட்டைத் தேடி அலைவது அவருக்கே தெரிந்தது. 2000இல் மறுவெளியீடு வந்தது. அமெரிக்கப் பாடகர் டெவெந்திரா பான்ஹார்ட் போன்ற இளையவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். நல்லதுதான். ஆனால் பாடாமல் போன முப்பது ஆண்டுகளை எந்த மறுவெளியீட்டில் சேர்ப்பது? இருபத்தைந்து வயதில் கேட்டிருக்க வேண்டிய "நன்றாக இருக்கிறது" என்ற ஒரு சொல்லை ஐம்பத்தைந்தில் கேட்பதை வெற்றிக்கதை என்று எப்படிச் சொல்வது?

அவர் மீண்டும் எழுதினார் என்பதுதான் எனக்குப் பெரிது. 2005இல், முதல் ஆல்பம் வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, இசையமைப்பாளர் மாக்ஸ் ரிக்டரின் தயாரிப்பில் 'லுக்ஆஃப்டரிங்' என்ற இரண்டாவது ஆல்பம் வந்தது. குரல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான், அதே தணிவு. அதில் 'ஹியர் பிஃபோர்' என்று ஒரு பாட்டு, தன் பிள்ளைகளைப் பற்றி. அவருடைய குரலே அடுக்கடுக்காக ஒன்றின் பின் ஒன்றாக வரும். அட்டையில் ஒரு முயல். வரைந்தவர் அவருடைய மகள்.