சம்பாதிக்கிற பொண்ணுக்கு மாசாமாசம் நான் பணம் அனுப்பறேன்

"உங்களுக்கென்னங்க, பொண்ணு பெங்களூர்ல ஐடி கம்பெனியில இருக்கு." சேலம் பக்கம் எங்க சிவதாபுரத்துல இதை என்கிட்டச் சொல்லாத ஆளே இல்லை. கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்தா சொல்றாங்க, டீக்கடையில சொல்றாங்க. சீட்டுக்காரர் ஒரு படி மேல போயி, "இனிமே ரெண்டு சீட்டாப் போடுங்க"ங்கறார். கேட்டுக் கேட்டு மனசு வெந்து போச்சு. அதனால எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதிடறேன். பொண்ணு பெங்களூர்லதான் இருக்கா. மாசம் பொறந்தா சம்பளம் வருது. மாசக் கடைசியில அவ சாப்பிடறது என் கொலுசுப் பட்டறைக் கூலியில.

நம்ப மாட்டேங்கறீங்க இல்ல? கணக்கைப் பாருங்க.

வேலைக் கடுதாசியில போட்டிருக்கறது வருஷம் 3.5 லட்சம். சொந்தக்காரங்க எல்லாம் அதைப் பன்னெண்டால வகுத்து, மாசம் 29,000ன்னு ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. அவ கைக்கு வர்றது 23,000 ரூபா. கம்பெனி கட்ட வேண்டிய பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கையும் அந்த மூணரை லட்சத்துக்குள்ளயே சேத்து எழுதியிருக்காங்க. கிராஜுட்டியும் அதுக்குள்ளதான். அஞ்சு வருஷம் அங்கயே இருந்தாத்தான் கிடைக்கிற பணத்தை இன்னிக்குச் சம்பளம்னு கணக்குக் காட்டறாங்க. வருஷக் கடைசியில வேலையைப் பாத்துத் தருவோம்ங்கற தொகையும் அதுல உண்டு, அது வருமா வராதான்னு யாருக்கும் தெரியாது. இது போக அவ பங்கு பி.எஃப். 1,800 பிடிக்கிறாங்க. சம்பளம் 25,000 ஆயிட்டா கர்நாடகத்துல தொழில் வரி மாசம் 200. பி.எஃப். அவ காசுதான், நான் மறுக்கலை. இன்னிக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதை எடுக்க முடியாதே.

இனி செலவு. பி.ஜி.ன்னு சொல்ற தனியார் விடுதியில, ஒரு ரூமுல ரெண்டு பொண்ணுங்க தங்கறதுக்கு ஆளுக்கு 11,000. காலையிலயும் ராத்திரியும் சோறு உண்டு, மத்தியானம் கிடையாது. ரூமுல சமைக்கக் கூடாது, கரண்ட் அடுப்பு வச்சிருந்தா எடுத்துட்டுப் போயிடுவாங்களாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எவ்வளவு சுருக்கினாலும் 2,500 ஆகுது. மெட்ரோ, அதுல இறங்கி ஷேர் ஆட்டோன்னு ஆபீஸ் போயிட்டு வர மாசம் 3,000. 2025 பிப்ரவரியில அங்க மெட்ரோ டிக்கெட்டை ஏத்தினாங்க, 60 ரூபாயா இருந்த அதிகபட்சக் கட்டணம் 90 ஆச்சு. அப்புறம் கல்விக்கடன். நாலு லட்சம் வாங்கினோம். படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டாம்னு பேங்க்ல சொன்னாங்க, ஆனா அந்த ஒரு வருஷமும் வட்டி ஏறிக்கிட்டேதான் இருந்துச்சு. இப்ப மாசம் 6,000.

கூட்டிப் பாருங்க. 22,500. கையில நிக்கறது 500 ரூபா. போன் ரீசார்ஜ் பண்ணினா அதுவும் போச்சு. காய்ச்சல் வந்தா, செருப்பு அறுந்தா, கூட வேலை பாக்கறவங்க கல்யாணத்துக்கு மொய் வைக்கணும்னா, அத்தனைக்கும் "அப்பா"ன்னு ஒரு போன். அதைக் கேக்கறதுக்குள்ள அந்தப் புள்ள படற பாடு எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் ஆத்தாளைப் பத்தி விசாரிப்பா, நாய்க்குட்டியைப் பத்தி விசாரிப்பா, கடைசியிலதான் விஷயம் வரும். வேலைக்குப் போற புள்ளைக்கு எதுக்குங்க இந்தக் கூச்சம்? அவ என்ன தப்பு பண்ணினா?

பஸ் விஷயம் இன்னும் கொடுமை. சேலத்துல டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லை, 2021-ல இருந்து அப்படித்தான். கர்நாடகத்துலயும் 2023 ஜூன்ல இருந்து இலவசம்தான், ஆனா அந்த மாநிலத்து முகவரி போட்ட அட்டை காட்டணும். இவ ஆதார்ல சிவதாபுரம் இருக்கு. முகவரி மாத்திக்கலாம்னு பாத்தா அதுக்குச் சான்று வேணும், வாடகை ஒப்பந்தம் கேட்டா பி.ஜி. நடத்தறவர் எழுதித் தர மாட்டேங்கறார். ஆக, இந்த ஊர் பஸ்ல காசில்லாமப் போயிருக்க வேண்டிய பொண்ணு அந்த ஊர்ல ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல நின்னு டிக்கெட் எடுக்கறா. அங்க இருக்கற கன்னடத்து ஜனங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ராய்ச்சூர்ல இருந்தும் கல்புர்கியில இருந்தும் வந்திருக்கற புள்ளைங்களும் இதே பி.ஜி.யில இதே சாம்பாரைத்தான் சாப்பிடறாங்க.

"நாலு புள்ளைங்களாச் சேந்து வீடு எடுத்துச் சமைச்சுக்க வேண்டியதுதானே?" இது அழகாபுரத்துல சொந்த வீட்டுல இருக்கற எங்க சித்தப்பா சொன்ன யோசனை. அதையும் பாத்தாங்க. 32,000 ரூபா வாடகைக்கு ரெண்டு பெட்ரூம் வீடு. அட்வான்ஸ் 1,60,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை. ஒரு காலத்துல பெங்களூர்ல பத்து மாச வாடகையை அட்வான்ஸா வாங்கறதே வழக்கம், இப்ப அஞ்சு மாசத்துக்கு வந்திருக்கறதை அந்த வீட்டுக்காரர் பெரிய சலுகையாச் சொன்னாராம். காலி பண்ணும்போது பெயிண்ட் செலவுன்னு ஒரு மாச வாடகையை எடுத்துக்குவாங்களாம், சுவத்துல ஒரு கீறல் இல்லைன்னாலும். கட்டில், கேஸ், பாத்திரம் எல்லாம் சேத்து ஒவ்வொருத்தரும் முதல்லயே அறுபதாயிரத்துக்கு மேல எடுத்து வைக்கணும். 500 ரூபா மிச்சம் பிடிக்கிற புள்ள எங்க போயி எடுத்து வைக்கும்? வீட்டு வாடகைக்கு ரெண்டு மாசத்துக்கு மேல முன்பணம் வாங்கக் கூடாதுன்னு மத்திய அரசு 2021-ல ஒரு மாதிரிச் சட்டம் எழுதி வச்சிருக்கு. மாநிலங்கள் எடுத்துக்கிட்டாத்தான் அது செல்லும். நம்ம தமிழ்நாட்டுச் சட்டத்துலயும் மூணு மாசம்னு எழுதிட்டு, வேற ஒப்பந்தம் இருந்தா அதுபடின்னு ஒரு ஓட்டையையும் வச்சிருக்காங்க. சாவி வீட்டுக்காரர் கையில இருக்கும்போது, அவர் நீட்டற ஒப்பந்தத்துல எந்தப் புள்ள கையெழுத்துப் போடாம வரும்?

பண்டிகைக்கு ஊருக்கு வர்றதைச் சொல்லவே வேண்டாம். பெங்களூர்ல இருந்து சேலம் இருநூறு கிலோமீட்டர்தான். சாதாரண நாள்ல 600 ரூபாய்க்கு வர்ற தனியார் பஸ் தீபாவளிக்கு முந்தின ராத்திரி 2,000. ரயிலுக்கு முன்கூட்டியே போட்டா என்னன்னு கேப்பீங்க. 60 நாளைக்கு முன்ன டிக்கெட் திறக்குது, கொஞ்ச நேரத்துல தீர்ந்துடுது. இவளுக்கு லீவு உண்டா இல்லையான்னு கம்பெனி சொல்றது ஒரு வாரத்துக்கு முன்ன. போன பொங்கலுக்கு அவ வரலை. வேலை இருக்குதுன்னு சொன்னா. வேலை ஒண்ணும் இல்லைன்னு அவ அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இப்ப என் பக்கத்தைச் சொல்றேன். 2025 ஆரம்பத்துல கிலோ ஒரு லட்சத்துக்குக் கீழ இருந்த வெள்ளி, அந்த வருஷம் முடியறதுக்குள்ள ரெண்டு லட்சத்தைத் தாண்டுச்சு. வெள்ளி ஏறினா கொலுசுக்காரனுக்குக் கொண்டாட்டம்னு வெளிய இருக்கறவங்க நினைக்கிறாங்க. வெள்ளி எங்களுது இல்லைங்க. செவ்வாப்பேட்டை வியாபாரி எடை போட்டுக் குடுப்பார், நாங்க கொலுசாக்கித் திருப்பிக் குடுப்போம், கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி. விலை ஏறினதும் நூறு கிராம்ல கொலுசு கேட்டவங்க அம்பது கிராம் போதும்ங்கறாங்க. சின்னக் கொலுசுக்கும் அதே நெருப்பு, அதே கண்ணு வலி, கூலி மட்டும் பாதி. வாரத்துல ரெண்டு நாள் பட்டறையில வேலையே இல்லாம இருந்திருக்கோம். அந்தக் கூலியில இருந்துதான் மாசம் அஞ்சாயிரம், சில மாசம் எட்டாயிரம், பெங்களூருக்குப் போகுது.

என் ஆத்திரம் இதுதான். அந்தக் கம்பெனிக்கு என்ன நெஞ்சழுத்தம்னு கேக்கறேன். புதுசா வர்ற இன்ஜினியருக்கு வருஷம் மூணு லட்சம், மூணரை லட்சம்ங்கறது நேத்து வந்த சம்பளம் இல்லை. எங்க அண்ணன் பையன் பதினஞ்சு வருஷத்துக்கு முன்ன வேலைக்குச் சேரும்போதும் இதேதான். அவன் அதுல வண்டி வாங்கினான், தங்கச்சி கல்யாணத்துக்குப் பணம் குடுத்தான். இந்தப் பதினஞ்சு வருஷத்துல வாடகை ஏறுச்சு, பால் ஏறுச்சு, காலேஜ் பீஸ் ஏறுச்சு, அந்த முதல் சம்பளம் மட்டும் அசையவே இல்லை. எப்படி அசையாம வச்சிருக்காங்க? ஒவ்வொரு புள்ளைக்குப் பின்னாலயும் ஒரு அப்பனும் ஆத்தாளும் நின்னு மிச்சத்தைக் கட்டறோம், அதனாலதான். ஓமலூர்ல தறி ஓட்டறவரு கட்டறாரு, ஆத்தூர்ல மரவள்ளி போடறவரு கட்டறாரு, தாரமங்கலத்துல நகையை அடகு வச்சு ஒருத்தங்க கட்டறாங்க. இது எந்தக் கம்பெனிக் கணக்குலயும் வராது. முதல் ரெண்டு வருஷம் வீட்டுல பாத்துக்குவாங்கன்னு தெரிஞ்சேதான் அந்தச் சம்பளத்தைப் போடறாங்கன்னு நான் சொல்றேன். யாராவது இல்லைன்னு சொல்லட்டும், என் பாஸ்புக்கைக் காட்டறேன்.

பின்னால நிக்க ஆள் இல்லாத புள்ளைங்க கதி என்ன? இவ கூட சேந்த ஒரு பொண்ணு, அப்பா இல்லாத வீடு. நாலு மாசத்துல வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துருச்சு. கல்விக்கடன் அப்படியே நிக்குது. "அந்தப் புள்ளைக்குச் சாமர்த்தியம் பத்தலை"ன்னு பேசறாங்க. எனக்கு வர்ற கோவத்துக்கு அளவே இல்லை. இருபத்திரண்டு வயசுல தனியா ஒரு ஊர்ல அரை வயித்தோட நாலு மாசம் தாக்குப் பிடிச்ச புள்ளைங்க அது.

வேலை அங்கதான் இருக்கணுமான்னும் கேக்கறேன். இங்க சேலத்துலயே ஜாகீர் அம்மாபாளையத்துல அரசாங்கத்தோட எல்காட் ஐடி பார்க் இருக்கு. கருப்பூர்ல 2024-ல ஐடி கம்பெனிங்களுக்குன்னு மினி டைடல் பார்க் திறந்தாங்க, நல்ல கட்டடம். என் பொண்ணு செய்யறது லேப்டாப் வேலை. அவ மேனேஜர் இருக்கறது புனேயில, டீம்ல பாதிப் பேர் ஹைதராபாத்ல. அவங்களோட போன்ல பேசறதுக்காக வாரம் நாலு நாள் பெங்களூர் ஆபீஸ்ல போயி உக்காரணுமாம். வீட்டுல இருந்து செய்யலாமான்னு கேட்டதுக்கு, கம்பெனி கொள்கைன்னு பதில். கொரோனா சமயத்துல இதே வேலையை வீட்டுல இருந்தே செய்ய வச்சாங்களே, அப்ப எங்க போச்சு இந்தக் கொள்கை? நம்ம ஊர் அரசியல்வாதிங்களும் சரி, கட்டடம் திறக்கும்போது ரிப்பன் வெட்டினதோட விட்டுடாதீங்க. பெரிய கம்பெனிங்களை இழுத்துட்டு வாங்க. வராத கம்பெனியைப் போயி ஏன்னு கேளுங்க.

ஏப்ரல்ல சம்பளம் ஏத்துவாங்களாம், நாலு சதவீதம் இருக்கும்னு பேச்சு. மாசம் ஆயிரம் ரூபா வரும். பி.ஜி.யில ஜனவரியிலயே ஆயிரம் ஏத்தியாச்சு. சேலத்துல உக்கார விடுங்க, இல்லைன்னா அந்த ஊர்ல இருக்க ஆகற செலவைச் சம்பளத்துல போடுங்க. அதுக்கு மேல யாரும் கேக்கலை. எங்க புள்ளைங்க வேலைக்கான கூலியை நீங்க குடுங்க.