பெரியவர்கள் விஷயம் வேறு, குழந்தைகள் விஷயம் வேறு: சர்க்கரைக் கட்டுப்பாடு பற்றி

பெரியவர்கள் டீயில் எத்தனை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்கிறார்கள் என்பதில் அரசாங்கம் தலையிட வேண்டாம். ஆனால் குழந்தைகளுக்கு விற்கிற சர்க்கரை விஷயத்தில் மதுவுக்கு இருக்கிற அளவு கண்டிப்பு வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இது புதிய யோசனை இல்லை. ராபர்ட் லஸ்டிக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் இன்னும் இருவரும் 2012இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். இந்த ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது, அளவு மீறினால் அதைக் கொழுப்பாக மாற்றிவிடுகிறது. ஒரு சொட்டு மது தொடாதவர்களுக்கும் ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர்’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால் வரி, வயது வரம்பு, பள்ளிகளில் விற்பனைத் தடை எல்லாம் வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவன் ரோட்டில் போகிற யாரோ ஒருவரின் உயிரை எடுக்கிறான், வீட்டில் மனைவி பிள்ளைகளை அடிக்கிறான். சர்க்கரை அதைச் செய்வதில்லை. அதனால் அதற்கு டாஸ்மாக் மாதிரி தனிக் கடை, 21 வயது என்றெல்லாம் போவது அதிகம். ஆனால் மதுவை நாம் குழந்தைகளிடமிருந்து தள்ளி வைப்பதற்குக் காரணம் அந்த வயதில் நல்லது கெட்டது பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதுதானே? அது சர்க்கரைக்கும் பொருந்தாதா?

பிரிட்டனைப் பாருங்கள். அங்கே போர்க்கால ரேஷனில் இருந்த சர்க்கரை 1953 செப்டம்பரில் கட்டுப்பாடு நீங்கி வெளியே வந்தது, மக்கள் சாப்பிடுகிற அளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. அந்தத் தேதிக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் பிறந்தவர்களை வயதான பிறகு ஒப்பிட்டு 2024இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கருவிலும் பிறந்த முதல் இரண்டு வருடத்திலும் குறைந்த சர்க்கரையோடு வளர்ந்தவர்களுக்கு, பின்னாளில் டைப் 2 சுகர் வரும் அபாயம் சுமார் 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்தம் வரும் அபாயம் சுமார் 20 சதவீதமும் குறைவு. இரண்டு வயதுக்கு முன்னால் வாயில் போனது ஐம்பது அறுபது வயதில் வந்து நிற்கிறது என்றால், ‘குழந்தைதானே, ஆசைப்படுது, கொடு’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

நம் ஊர் நிலைமை தெரிந்ததுதான். சென்னையில் இருக்கிற மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்னின்று நடத்தி 2023இல் வெளியான ஆய்வுப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். ‘அரிசிச் சோறுதான் காரணம், சர்க்கரையை ஏன் திட்டுகிறாய்’ என்பார்கள். அரிசிக்கும் பங்கு உண்டு, சரி. ஆனால் எந்த அரிசி வியாபாரியும் கார்ட்டூன் படம் போட்டு நான்கு வயதுக் குழந்தையிடம் அரிசியை விற்பதில்லை. (நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்றால் பயமில்லை என்கிறவர்களுக்கும் ஒன்று: அதிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.)

எனக்குக் கோபம் வருவது வரியில். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோது கேஸ் அடைத்த குளிர்பானங்களுக்கு 40 சதவீதம் வைத்தார்கள், சர்க்கரையே இல்லாத ‘ஜீரோ’ கோலாவுக்கும் அதேதான். கேஸ் இல்லாத, டப்பாவில் வருகிற மாம்பழ ஜூஸ் வகைகளுக்கு 12இலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். சாக்லேட், பிஸ்கட், ஐஸ்கிரீம் 18இலிருந்து 5. கோலாவில் 100 மில்லிக்குக் கிட்டத்தட்ட 11 கிராம் சர்க்கரை, அந்த மாம்பழப் பானங்கள் அதற்குச் சளைத்தவை இல்லை. ஆக, வரி சர்க்கரையைப் பார்த்துப் போடப்படவில்லை, நுரையைப் பார்த்துப் போடப்படுகிறது. பிரிட்டனில் 2018இல் இதைச் சரியாகச் செய்தார்கள்: 100 மில்லியில் சர்க்கரை 5 கிராமைத் தொட்டால் ஒரு வரி, 8 கிராமைத் தொட்டால் இன்னும் அதிகம். விளைவு, வரி அமலாவதற்கு முன்பே நிறைய கம்பெனிகள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இங்கே குறைத்தாலும் அதே வரி என்றால் எவன் குறைப்பான்?

சிலியில் 2016இலிருந்து பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே ‘சர்க்கரை அதிகம்’ என்று கருப்பு எண்கோண முத்திரை. படிக்கத் தெரிந்த குழந்தைக்கே புரியும். நாம் பாக்கெட்டைத் திருப்பி, எறும்பு சைஸ் எழுத்தில் கிராம் கணக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். 2022இல் வந்த வரைவு விதியோ எச்சரிக்கைக்குப் பதிலாக நட்சத்திரம் கொடுக்கலாம் என்றது. சர்க்கரைப் பண்டத்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டால் வாங்குகிறவர் அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இத்தனைக்கும் ஒரு நல்ல விதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. 2020இல் வந்தது: பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான உணவுகளைப் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. சாயங்காலம் நாலு மணிக்கு கோடம்பாக்கத்திலோ பெரம்பூரிலோ ஏதாவது ஒரு பள்ளி வாசலில் நின்று பாருங்கள், தெரியும். அங்கே வண்டிக்காரர்களைப் பிடித்து அபராதம் போடச் சொல்லவில்லை, அவர்களும் பிழைப்புக்குத்தான் நிற்கிறார்கள். கொய்யா, வேகவைத்த கடலை, சுண்டல் விற்கிறவர்களுக்கு மாநகராட்சி அந்த இடத்தை முறையாக ஒதுக்கிக் கொடுக்கலாம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கிற வழக்கத்தை நிறுத்த அதுகூட வேண்டாம், ஒரு சர்க்குலர் போதும். எங்கள் பள்ளியின் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இந்த இரண்டையும் எழுதியே கொடுக்கப்போகிறேன். உங்கள் பிள்ளையும் அங்கே படித்தால் கையெழுத்துப் போட வாருங்கள்.