கப்பல் கட்டணத்தில் எல்லாம் அடங்கிவிடாது
“கப்பல் சுற்றுலாவுக்கு ஒருமுறை பணம் கட்டிவிட்டால், இறங்கும்வரை வேறு செலவே இல்லை” என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. சில ஆடம்பரக் கப்பல்களைத் தவிர, பெரும்பாலானவற்றில் அந்தக் கட்டணம் அறை, பொது உணவகச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல்குளம் ஆகியவற்றோடு முடிந்துவிடும். மதுவகைகள், சிறப்பு உணவகங்கள், இணைய இணைப்பு, கரைச் சுற்றுலா, கப்பல் மருத்துவரைப் பார்ப்பது ஆகியவை பெரும்பாலும் தனிக்கணக்கு. பணியாளர்களுக்கான அன்பளிப்பும் பல நிறுவனங்களில் தலைக்கு இவ்வளவு என்று நாள்தோறும் தானாகவே கணக்கில் ஏறும். அறைச் சாவியாகத் தரப்படும் அட்டையையே எங்கும் நீட்டுவதால் பணம் செலவாவதே தெரிவதில்லை. என் முதல் பயணத்தின் கடைசி இரவில் அறைக்கு வந்த பட்டியலில், நான் குடித்ததையே மறந்துவிட்ட குளிர்பானங்கள்கூட வரிசையாக இருந்தன.

பெட்டியை ஒரே அறையில் வைத்துவிட்டுப் பல துறைமுகங்களைப் பார்க்கும் வசதி உண்மையிலேயே அருமையானது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கப்பல் ஏறியதும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். நடுக்கடலில் அது செயற்கைக்கோள் வழி இயங்கும் கப்பல் வலையமைப்பில் தானாக இணைந்துகொண்டால், அந்தக் கட்டணம் கரையில் செலுத்துவதைவிடப் பன்மடங்கு அதிகமாகிவிடும்.