பச்சை வளையம் வந்தா கெமிக்கல் முட்டையா?

அண்ணே, அவிச்ச முட்டைல மஞ்சக்கருவ சுத்தி பச்சையா வளையம் இருந்தா அது கெமிக்கல் முட்டை, தூக்கி போட்ருங்கனு போட்டிருக்கீங்க. நீங்க பாத்தது உண்மைதான், ஆனா அதுக்கு வேற என்னென்ன காரணம் இருக்கலாம்னு யோசிக்காம நேரா கெமிக்கலுக்கு தாவிட்டீங்க. ரொம்ப நேரம் கொதிச்சா வெள்ளைக்கருல இருக்க சல்பர்ல இருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும், அது மஞ்சக்கருல இருக்க இரும்போட சேர்ந்து அயர்ன் சல்பைடு ஆகுது, அதான் அந்த பச்சை. சாப்ட்டா ஒண்ணும் ஆகாது. இரும்பு இருக்கறது மஞ்சக்கருல, அதனாலதான் கலர் ரெண்டும் சேர்ற ஓரத்துல மட்டும் வருது, மருந்து கலந்திருந்தா இப்படி காம்பஸ் வச்சு வரைஞ்ச மாதிரி ஏன் வரணும்?

சந்தேகமா இருந்தா ஒரே அட்டைல இருந்து ரெண்டு முட்டை எடுங்க. ஒண்ண 10 நிமிஷத்துல எடுத்து உடனே பச்சத்தண்ணில போடுங்க, இன்னொண்ண 25 நிமிஷம் கொதிக்க விட்டு அந்த சுடுதண்ணிலயே ஆறவிடுங்க, அப்புறம் ரெண்டையும் நறுக்கி பாருங்க. எங்க வீட்ல நான் போன் பேசிட்டே அடுப்ப மறந்த அன்னைக்கெல்லாம் வளையம்தான், வெள்ளைக்கரு வேற ரப்பர் மாதிரி இழுக்கும். முட்டை கொஞ்சம் பழசா இருந்தாலும் இந்த பச்சை சீக்கிரம் வரும், ஆனா பழசு வேற கெட்டது வேற, கெட்டுப்போன முட்டைய உடைச்சா நாத்தமே சொல்லிடும்ணே.