10 லட்சம் மணி நேரம் என்றால் 114 ஆண்டு அல்ல

"இந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கின் எம்டிபிஎஃப் (MTBF, பழுதுகளுக்கு இடையிலான சராசரி நேரம்) 10 லட்சம் மணி நேரம். அதாவது 114 ஆண்டு உழைக்கும், பேக்கப்புக்கு இது ஒன்றே போதும்" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். வகுத்தது சரி, புரிந்துகொண்டதுதான் தவறு. அது ஒரு டிஸ்க்கின் ஆயுள் இல்லை, ஒரு பெரிய கூட்டத்துக்கான சராசரி. ஆயிரம் டிஸ்க்குகள் ஓராண்டு இடைவிடாமல் ஓடினால் மொத்தம் 87.6 லட்சம் மணி நேரம். அதற்குள் ஏறக்குறைய 9 டிஸ்க் பழுதாகும் என்பதே அந்த எண்ணின் பொருள். வயதாகித் தேய்வது இந்தக் கணக்கில் வராது.

நடைமுறை இன்னும் மோசம். கூகுள் தன்னிடம் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் 1.7 சதவீதமும், மூன்று வயதானவற்றில் 8 சதவீதத்துக்கு மேலும் பழுதாகியிருந்தன. அவையாவது ஓரிடத்தில் அசையாமல் இருந்தவை. நம்முடையது பையில் குலுங்குகிறது, மேசையிலிருந்து விழுகிறது (என்னுடைய ஒன்றைப் பூனை தட்டிவிட்டது).

வாரண்டி எத்தனை ஆண்டு என்று பாருங்கள், சரி. ஆனால் வாரண்டியில் புது டிஸ்க்தான் வரும், பழைய படங்கள் வராது. ஒரு 4 டிபிக்குப் பதிலாக இரண்டு 2 டிபி வாங்கி, இரண்டிலும் அதே கோப்புகளைப் போட்டு, ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.