ஓரம் வெட்டாத படம்

ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி ஹே வெயின்' (வைக்கோல் வண்டி) ஓவியம் இப்போது எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. ஆற்றுக்குள் ஒரு குதிரை வண்டி நிற்கும் காட்சி. அச்சுப் பிரதிதான். "நகலுக்கா இவ்வளவு காசு?" என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இது நான் வாங்கிய இரண்டாவது பிரதி. முதலாவதை ஆன்லைனில், 'மியூசியம் தரம்' என்ற வார்த்தையை நம்பி வாங்கினேன். 20க்கு 16 அங்குலம். அசல் ஓவியம் சுமார் 185 சென்டிமீட்டர் அகலம், 130 உயரம். அந்த அளவு விகிதம் 20க்கு 16-இல் உட்காராது. அதனால் இரண்டு பக்கமும் வெட்டிவிட்டார்கள். இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு குறைந்துபோயிருந்தது, வலது ஓரத்துப் படகைக் காணோம். புல்வெளி கண்ணைக் குத்தும் பச்சை. பார்த்ததும் மனசு விட்டுப்போனது.

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஸ்டவர் ஆற்றங்கரையில், தன் அப்பாவின் ஃப்ளாட்ஃபோர்ட் மாவு ஆலை இருந்த இடத்தைத்தான் கான்ஸ்டபிள் வரைந்தார். சின்ன வயதிலிருந்து பார்த்த தண்ணீர் அது. 1821-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைத்தபோது விற்கவில்லை. 1824-இல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. 1886 முதல் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. நான் அங்கே அதன் முன் நின்றபோது முதலில் கண்ணில் பட்டது குதிரைச் சேணத்தின் சிவப்பு. அவ்வளவு பச்சைக்கு நடுவில் அந்தச் சிவப்புத் துளிதான் பச்சையையே உயிரோடு வைத்திருக்கிறது. முதல் பிரதியில் அது மங்கிய பழுப்பு.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்கினேன். படம் முழுசாக இருக்குமா? சீக்கிரம் மங்காத பிக்மென்ட் மையா? அமிலம் இல்லாத பருத்தித் தாளா? படத்தைச் சுற்றி வைக்கும் மவுன்ட் அட்டையும் அமிலம் இல்லாததா? கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்குமா? 'மியூசியம் தரம்' என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லாத கடையில் வாங்காதீர்கள். சட்டத்துக்கு (ஃப்ரேமுக்கு) ஏற்றபடி படத்தை வெட்டுபவரிடம் கண்டிப்பாக வேண்டாம். படத்துக்குத்தான் சட்டம் செய்ய வேண்டும். என்னுடையது 85க்கு 60 சென்டிமீட்டர், அசலில் பாதிகூட இல்லை. ஆனால் படகும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. தூரிகைத் தடத்தின் மேடுபள்ளம் அச்சில் வராது, அதற்கு கேலரிக்குத்தான் போக வேண்டும். வெயில் நேராக விழாத சுவரில் மாட்டியிருக்கிறேன்.

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். வண்டி ஏன் ஆற்றுக்குள் நிற்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அம்மா கேட்கவில்லை.

"வெயில்ல கட்டை காஞ்சு சுருங்கினா சக்கரத்துப் பட்டை கழண்டுரும்பா. அதான் நனையவிட்டிருக்கான். உங்க தாத்தாவும் இப்படித்தான் வண்டிய குளத்துல இறக்குவார்."